மொரீஷியஸின் போர்ட் லூயி வெயிலுக்குத் தாங்கும் சலூன் வாசனை எது?

அண்ணன்மாரே, தம்பிமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். சவரம் முடிந்ததும் சலூனில் கமழுமே, லாவெண்டரும் பவுடரும் கலந்த வாசனை, அது கட்டுப்படியாகும் விலையில் வேண்டும். 1882-இல் பிரெஞ்சு வாசனைத் திரவிய நிறுவனமான ஊபிகான் வெளியிட்ட ‘ஃபூஜேர் ருவாயால்’ என்ற சென்ட் தொடங்கிவைத்த வகை இது. லாவெண்டர், கூமரின் (காய்ந்த புல் போல இனிப்பாக மணக்கும் பொருள்), ஓக் மரப்பாசி மூன்றும்தான் அடித்தளம். 1964-இல் வந்த ப்ரூட் சென்ட்டும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது அடிப்பது ப்ரூட். மேட்டு நில ஊரான எங்கள் கியூர்பிப்பின் காலைக் குளிரில் அருமை. மெட்ரோவில் போர்ட் லூயி போய் இறங்குவதற்குள் லாவெண்டர் பறந்துவிடுகிறது. மிஞ்சுவது கூமரினின் இனிப்பு. வேர்வையோடு சேர்ந்தால் திகட்டுகிறது. கூடுதலாக அடித்தும் பயனில்லை. லாவெண்டர் எப்படியும் முதலில் போய்விடும், அடியில் இருக்கும் இனிப்புதான் ஏறும்.

அடிக்கும் முறை இது: நெஞ்சில் 2, பிடரியில் 1. பருத்தி பனியன் மேல் ஒன்று அடித்தால் தோலைவிட நேரம் நிற்கும், ஆனால் நிறமுள்ள திரவம் வெள்ளைத் துணியில் கறை வைக்கலாம். சவரம் செய்த கன்னத்தில் அடிப்பதே இல்லை, ஆல்கஹால் எரியும். அங்கே சவரத்துக்குப் பின் பூசும் வாசனையில்லாத களிம்பு மட்டும்.

இனிப்பு குறைந்து, பாசியின் கசப்பு தூக்கலாக உள்ளது எது? 1978-இல் வந்த ‘அஸாரோ பூர் ஓம்’ சென்ட் நம் ஜனவரிப் புழுக்கத்தில் எப்படி? மதியம் மறுபடி அடிக்க 10 மி.லி. குப்பியில் ஊற்றிப் பையில் வைத்தால் கசிகிறதா? எத்தனை முறை, எங்கே அடித்தீர்கள், எத்தனை மணி நேரம் நின்றது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.