மியர்பேங்க் குடும்பம், டர்பன்: சோலார் திறப்புக்கு யார்?

வியாழன், மாலை 6:12

சந்திரா அத்தை: எல்லாருக்கும் வணக்கம். ஆடிக் கூழுக்கு இன்னும் இரண்டு ஞாயிறுதான். கோயில் ஹாலில் சோலார் போட்டு முடிந்துவிட்டது, அன்றைக்கே திறந்துவிடலாம் என்று கமிட்டி சொல்கிறது. ரிப்பன் வெட்ட எம்.பி.யைக் கூப்பிடலாமா? இரவுக்குள் சொல்லுங்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது.

பிரேம்: எந்த எம்.பி.?

சந்திரா அத்தை: தீபாவளிக்கு வந்து பேசினாரே, அவர்தான். கிளைமேட் சட்டமே அவர் கொண்டுவந்ததாம்.

தேவா மாமா: 😂😂

கவிதா: அவர் வந்தது லட்டுக்கு

சந்திரா அத்தை: கவிதா, பெரியவர்கள் இருக்கிற குரூப் இது.

லோகா பெரியப்பா: ஒரு திருத்தம். அந்தச் சட்ட வரைவை 2022-ல் நாடாளுமன்றத்தில் வைத்தவர் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த பார்பரா கிரீசி. 2023 அக்டோபரில் தேசிய சபையில் நிறைவேறியது. 2024 ஜூலையில் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்டார். 2025 மார்ச்சில் சில பிரிவுகள் மட்டும் நடைமுறைக்கு வந்தன. நம்மவர் அதற்குக் கை தூக்கியிருக்கலாம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் எம்.பி.க்குத் தொகுதி கிடையாது. கட்சிப் பட்டியலில் வருகிறார், கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போடுகிறார். அதனால் ஓட்டை வைத்து ஆளை எடை போட முடியாது. நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை நாள் வந்தார், அமைச்சரிடம் என்ன கேள்வி கேட்டார் என்று பார்க்க வேண்டும். பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் இணையதளத்தில் இரண்டும் இருக்கின்றன. தொடரும்.

பிரேம்: தொடருமா 😭

தேவா மாமா: அண்ணா, பாதி படித்தேன். மீதி நாளைக்கு.

சந்திரா அத்தை: அது இருக்கட்டும், பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது? போன வருடம் கூழ் ஊற்றிய பிறகு கோயிலுக்குத் திரும்பவில்லை.

நிஷா: எங்களிடம் இல்லை

பிரேம்: சோலார் என்றதும் ஞாபகம் வருகிறது, தேவா மாமாவின் 15,000 ராண்ட் வந்ததா?

தேவா மாமா: வேண்டாம்டா.

கவிதா: என்ன 15,000?

தேவா மாமா: 2023 பட்ஜெட்டில் வரிச்சலுகை கொடுத்தார்களே. 25 சதவீதம் திரும்ப வரும் என்று இந்தப் பிரேம் சொன்னான். நம்பி இன்வெர்ட்டரும் பாட்டரியும் வாங்கினேன். சலுகை பானலுக்கு மட்டும்தானாம்!

பிரேம்: பானலும் வாங்கச் சொன்னேனே

தேவா மாமா: சொல்லவே இல்லை. உன் அப்பாவைக் கேள்.

லோகா பெரியப்பா: என்னை இதில் இழுக்காதீர்கள். விட்ட இடத்தில் தொடர்கிறேன். கிரீசியின் கணக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் மின்சாரம் தயாரிக்கும் துருக்கிக் கப்பலை நிறுத்த அவர் துறை அனுமதி மறுத்தது. கம்பெனியின் மேல்முறையீட்டை 2022-ல் அவரே தள்ளினார். அதே வருடம் மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றம், ஹைவெல்ட் காற்று, தீங்கில்லாத சுற்றுச்சூழலுக்கு உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 24-ம் பிரிவை மீறுகிறது, ஒரு வருடத்துக்குள் விதிமுறை போடுங்கள் என்றது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் 12 நிலக்கரி மின்நிலையங்கள் நிற்கிற இடம் அது. அவர் விதிமுறை போடாமல் அப்பீல் போனார். சட்டத்தில் அமைச்சர் ‘செய்யலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘செய்ய வேண்டும்’ என்று இல்லை என்பது வாதம். 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், காற்று இந்த நிலைமைக்கு வந்தபின் ‘செய்யலாம்’ என்பதற்கு ‘செய்தே ஆக வேண்டும்’ என்றுதான் பொருள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் போக்குவரத்துத் துறைக்குப் போய்விட்டார்.

தேவா மாமா: நம் கமிட்டியும் ‘லாம்’ கமிட்டிதான். டாய்லெட் கட்டலாம், கூரை மாற்றலாம்...

கவிதா: 🤣

சந்திரா அத்தை: நீங்கள் கமிட்டிக்கு வந்து வேலை செய்யுங்களேன் தேவா.

நிஷா: ஹைவெல்ட் வரைக்கும் போவானேன்? நம் மியர்பேங்க் செட்லர்ஸ் பள்ளியில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆய்வு செய்து, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்றார்களே. அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. அம்மா வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் மிளகுத்தூள் தூவியது மாதிரி இருக்கும், திரும்பத் துவைப்பார்கள். காவடி அன்றைக்கு என் ஆஸ்துமா பம்ப் அம்மாவின் முந்தானை முடிச்சில்தான் இருக்கும்.

சந்திரா அத்தை: ஐயோ, ஆமாம்டி. பால்குடம் தூக்கினபோது நடுவழியில் உட்கார்ந்துவிட்டாய்.

நிஷா: அந்த எம்.பி. எங்கள் காற்றைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறாரா?

கவிதா: பார்த்துக்கொண்டிருக்கிறேன், இருங்கள்

கவிதா: ரோடு பற்றி இரண்டு, போலீஸ் ஸ்டேஷன் பற்றி ஒன்று. காற்று, ரிஃபைனரி, நிலக்கரி எதுவும் கண்ணில் படவில்லை

பிரேம்: கூட்டத்துக்கு வந்தாரா?

கவிதா: பாதி நாள்

தேவா மாமா: லட்டு கொடுத்திருந்தால் முழு நாள்.

கவிதா: டெஸ்மண்ட் டிசாவைக் கூப்பிடுங்கள். புல்புல் டிரைவ் குப்பைக்கிடங்கை மூடவைத்து 2014-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு வாங்கினவர்

சந்திரா அத்தை: அவர் வந்தால் எம்.பி. கட்சிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கமிட்டிக்குப் பயம். ஹால் வாடகையில் பாதி அவர்கள் மீட்டிங்கில்தான் வருகிறது. நான் சொன்னதாக எங்கேயும் சொல்லாதீர்கள்.

பிரேம்: 60 பேர் இருக்கிற குரூப்பில் சொல்லிவிட்டீர்கள் அத்தை

ராஜம் அவ்வா: 🎤 குரல் செய்தி (2:14)

நிஷா: அவ்வா என்ன சொல்கிறார்கள்? நான் பஸ்ஸில் இருக்கிறேன்

கவிதா: பரங்கிக்காய் இனிப்பாக இருக்கக் கூடாதாம். சோலாரை ஒரு சின்னப்பிள்ளை அமுக்கட்டுமாம். மீதி முழுக்க லோகா பெரியப்பா கல்யாணத்தில் கரண்ட் போன கதை

சந்திரா அத்தை: சரி, எம்.பி.க்கு ஒரு அழைப்பிதழ் அனுப்பலாம். வந்தால் முன்வரிசையில் உட்காரட்டும். ரிப்பன் யார் வெட்டுவது என்று அப்புறம் பார்க்கலாம்.

தேவா மாமா: லாம் 🙏

சந்திரா அத்தை: முதலில் அண்டா எங்கே என்று யாராவது சொல்லுங்கள்!

இரவு 9:47

லோகா பெரியப்பா: அண்டா என் கராஜில்தான் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.