அமைதிகாப்புப் பணியாளர் சங்கம்: யாரை உறுப்பினராகச் சேர்ப்பது?

கேள்வி (சங்க அமைப்பாளர்):

ஐ.நா. அமைதிகாப்புப் பணிகளில் வெவ்வேறு ஆண்டுகளில் இருந்து திரும்பிய நாங்கள் இருபத்திரண்டு பேர் ஒரு சங்கம் தொடங்கிப் பதிவு செய்ய முயன்றுவருகிறோம். பெயர், சந்தா, ஆண்டுதோறும் ஐ.நா. அமைதிகாப்பாளர் நாளான மே 29 அன்று கூடுவது ஆகியவற்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. துணைவிதிகளில் உறுப்பினர் தகுதியைப் பற்றிய பிரிவில்தான் மூன்று கூட்டங்களாக நகராமல் நிற்கிறோம். ஐ.நா. பதக்கத்துக்குரிய 90 நாள் பணியை முடித்த படைவீரர்கள் மட்டும் போதும் என்கிறார்கள் ஒரு சாரார். காவல்துறையிலிருந்து சென்றவர்களையும் மொழிபெயர்ப்பாளர்கள், வானொலித் தொடர்புக் கருவி இயக்குபவர்கள் போன்ற சிவில் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். ஐம்பதாம் நாளில் வாகனம் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து ஊர் திரும்பிய எங்கள் தோழர் ஒருவர் இந்த விவாதம் முழுவதையும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய சங்கங்களை நடத்தியவர்கள் என்ன முறையைப் பின்பற்றினீர்கள்?

பதில் (முன்னாள் செயலாளர்):

ஒன்பது ஆண்டுகள் இத்தகைய சங்கமொன்றின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகுதியை முடிவு செய்வதற்கு முன், சங்கத்தின் அன்றாட வேலை என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். அது பெரும்பாலும் காகித வேலைதான். படைகளை ஐ.நா. தானாகத் திரட்டுவதில்லை, நாடுகள் அனுப்புகின்றன, அனுப்பப்படும் ஒவ்வொரு வீரருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஐ.நா. அந்த அரசுக்கு ஈடுகட்டுகிறது. வீரரின் சம்பளமும் ஓய்வூதியமும் சொந்த அரசின் பொறுப்பாகவே இருக்கின்றன. பணியின்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ ஐ.நா. தரும் இழப்பீடு கூட அரசின் வழியாகத்தான் கேட்கப்பட்டு, அரசின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே உங்கள் மனுக்கள் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குப் போகப்போவதில்லை. உங்கள் நாட்டு அலுவலகத்தின் மேசைக்குத்தான் போகும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, 'சான்று எங்கே?' என்பதாக இருக்கும்.

ஒருமுறை மறைந்த வீரர் ஒருவரின் மனைவி ஒரு தகர டப்பாவுடன் வந்தார். அதில் மடிப்பு விழுந்துபோன நீலத் தொப்பியும் ஒரு பதக்கமும் வெள்ளை ஜீப்பின் அருகே நால்வர் நிற்கும் புகைப்படமும் இருந்தன. ஆவணம் ஒன்றுகூட இல்லை. பதக்கத்தின் பின்புறம் 'அமைதியின் பணியில்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்ததே தவிர, பெயர் பொறிக்கப்படவில்லை. ஒவ்வொரு பணிக்கும் ரிப்பனின் நிறக்கோடுகள் வேறுபடும் என்பதால், அந்தக் கோடுகளைக் கொண்டு எந்த நாட்டில் இருந்தார் என்பதைக் கண்டறிந்து, அதே காலத்தில் அங்கிருந்த இருவரைத் தேடிப்பிடித்துச் சாட்சிக் கடிதம் வாங்கினோம். அந்த இருவரில் ஒருவர் சிவில் பணியாளர். படைவீரர்களை மட்டும் சேர்த்திருந்தால் அவருடைய முகவரி எங்களிடம் இருந்திருக்காது.

அங்கீகாரம் எவ்வளவு தாமதமாகக் கூடும் என்பதற்கு அயர்லாந்தின் அனுபவம் போதும். 1961 செப்டம்பரில் காங்கோவின் ஜடோட்வில் நகரில் ஐ.நா. படையில் இருந்த சுமார் 150 அயர்லாந்து வீரர்கள் முற்றுகையிடப்பட்டு, குண்டுகளும் தண்ணீரும் தீரும்வரை போரிட்டு, ஒருவரையும் இழக்காமல் சரணடைந்தார்கள். சரணடைந்ததே களங்கமாகக் கருதப்பட்டது. அவர்களை வழிநடத்திய பாட் குயின்லன் 1997-ல் காலமானார். பிரிவுக்கான பாராட்டு 2016-லும் தனிப்பட்ட பதக்கங்கள் அதற்கடுத்த ஆண்டிலும்தான் வந்தன. உயிரோடிருந்த தோழர்கள் விடாமல் கேட்டதால்தான் அதுவும் நடந்தது.

பதில் (சிவில் பணியில் இருந்தவர்):

நான் சீருடை அணிந்ததில்லை; இரண்டு பணிகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பணியில் உயிரிழந்தவர்களுக்கு ஐ.நா. தன் முன்னாள் பொதுச்செயலாளர் ஒருவரின் பெயரில் வழங்கும் டாக் ஹமர்ஷோல்ட் பதக்கம், முட்டை வடிவப் படிகத்தில் பெயரும் இறந்த நாளும் பொறித்து, படைவீரர், காவலர், சிவில் பணியாளர் என்ற வேறுபாடின்றிக் குடும்பத்தாரிடம் அளிக்கப்படுகிறது. 1998-ல் முதன்முதலாக அது வழங்கப்பட்டபோது, 1948-ல் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐ.நா. சமரசத் தூதர் ஃபோக் பெர்னடோட்டும் நினைவுகூரப்பட்டார். அவர் அங்கே துப்பாக்கி ஏந்திச் சென்றவர் அல்லர். கனடாவின் அமைதிகாப்புச் சேவைப் பதக்கமும் படையினர், காவல்துறையினர், சிவில் பணியாளர் மூவருக்கும் உரியது. அதற்கு 30 நாள் பணி போதும். எல்லைக்கோட்டை இறந்த பின் அழித்துவிட்டு, உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் ஏன் வரைய வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

பதில் (காலாட்படையில் இருந்தவர்):

மேலே சொன்னவரை மதிக்கிறேன். ஆனாலும் முழுமையாக உடன்பட முடியவில்லை. ஆயுதம் கையில் இருந்தும் சுட அனுமதியின்றி, கண்ணெதிரே நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் சுமை ஒரு தனி வகை. 1994-ல் இனப்படுகொலை நடந்தபோது ருவாண்டாவில் ஐ.நா. படையின் தளபதியாக இருந்த ரோமியோ டலேர், பிற்காலத்தில் தமது மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, 2000-ல் மருத்துவக் காரணத்தால் படையிலிருந்து விலகினார். தளபதிக்கே அந்த நிலை என்றால் சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகையவர்கள் தங்களுக்குள் பேச ஒரு மூடிய கூட்டம் வேண்டும். சங்கத்தில் எல்லாரையும் சேருங்கள். அந்த அறையின் கதவை மட்டும் சாத்திக்கொள்ள எங்களை விடுங்கள். இன்னொன்று: பணியிடத்தில் பெண்களிடமோ சிறுவர்களிடமோ தவறாக நடந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இடமில்லை என்பதை முதல் விதியிலேயே எழுதிவிடுங்கள். இதைப் பின்னால் சேர்க்கப் போனால் யாரையோ மனதில் வைத்து எழுதியதாகப் பேசுவார்கள்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. ஐ.நா. பதிவுகளில் உள்ள 4,400-க்கும் மேற்பட்ட மரணங்களில், தாக்குதலால் இறந்தவர்களைவிட நோயாலும் விபத்தாலும் இறந்தவர்களே அதிகம் என்பதையும் நேற்றைய கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். 90 நாள் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு சற்று இறங்கிவந்தார்கள். 'எந்தப் பிரிவில் இருந்தாலும் 30 நாள் பணி. காயத்தாலோ நோயாலோ திரும்பியவர்களுக்கு நாள் கணக்கு இல்லை' என்று வரைவு எழுதியிருக்கிறோம். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய விதியும் மூடிய கூட்டம் பற்றிய விதியும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன. சாட்சிக் கடிதத்துக்கு எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த வரைவைப் படித்துக்காட்டியவர், பின்வரிசையில் அமர்ந்திருந்த தோழர்தான்.