வாட்டர் ஹீட்டரில் குளிக்கும்போது இஎல்சிபி விழுகிறது: கோளாறு எங்கே?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். பினாங்கில் பழைய வரிசை வீடொன்றில் வசிக்கிறோம். குளியலறையில் இருப்பது தொட்டியில்லாத, உடனுக்குடன் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர். சில வாரங்களாக, அதைப் போட்டு இரண்டு மூன்று நிமிடங்கள் குளித்ததும் மெயின் பெட்டியிலுள்ள இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. ஹீட்டரை அடைத்துவிட்டு இஎல்சிபியைத் தூக்கிவிட்டால் மறுபடி விழுவதில்லை. விழாத நாள்களிலும் தண்ணீர் முன்போல் சூடாவதில்லை. இஎல்சிபி மிகவும் சென்சிடிவாகிவிட்டது, பெரியதாக மாற்றிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாற்றலாமா?

செந்தூல் வயர்மேன்:
மாற்றவே வேண்டாம், ஐயா. மின்சாரம் வழிதவறி எங்கோ கசிவதால்தான் அது விழுகிறது. ஈரத்தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே துண்டிக்கும் காப்பு வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. வெறுங்காலுடன் நனைந்து நிற்கும் இடத்துக்கு அதைவிடத் தளர்வான காப்பு எதற்கு?

எப்போது விழுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால், ஹீட்டருக்குள் தண்ணீர் ஒழுகி இணைப்புகளை நனைத்திருக்கலாம், அல்லது வயரின் உறை கெட்டிருக்கலாம். இடிமழையின்போது மட்டும் விழுந்தால் ஹீட்டரைக் குறை சொல்வதற்கில்லை. நீங்கள் சொல்வதுபோல் சூடேறிய பிறகு விழுவது, சூடேற்றும் கம்பியின் உறையில் நுண்ணிய விரிசல் விட்டிருப்பதற்கான அடையாளம். குளிர்ந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கும் விரிசல், சூட்டில் விரிந்து கசியத் தொடங்கும்.

சூடு குறைவது வேறு விஷயமாகவும் இருக்கலாம். 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ஓடும்போது தண்ணீரின் வெப்பத்தை ஏறக்குறைய 20 பாகை கூட்டும். 5 லிட்டராகத் திறந்துவிட்டால் 10 பாகைதான் கூடும். ஆகவே முதலில் குழாயைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். சூடு விட்டுவிட்டு வந்தால், தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலையிலும் ஷவர் தலையிலும் அடைத்திருக்கும் மண்ணைச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டம் போதாவிட்டால் ஹீட்டர் தானாகவே சூடேற்றுவதை நிறுத்திக்கொள்ளும்.

பாயான் பாரு அக்கா:
ஹீட்டர்தான் என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம், தம்பி. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், பழைய ஏர்கோன் ஆகிய ஒவ்வொன்றும் சிறிதளவு கசியவிடும். எல்லாம் ஒரே இஎல்சிபியின்கீழ் இருந்தால், கடைசியாகப் போடும் ஹீட்டர்மீது பழி விழுந்துவிடும். மற்றவற்றை பிளக்கோடு கழற்றிவிட்டு, ஏர்கோனை அதன் சுவிட்சில் அடைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓடவிடுங்கள். அந்தச் சோதனையின்போது தண்ணீருக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது.

ஜெலுத்தோங்வாசி:
இருவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடவிட்டோம்; அப்போதும் சூடேறிய பிறகு விழுந்தது. ஹீட்டரின் சுவிட்சை அடைத்து, யாரும் போடாதபடி ஒட்டியும் வைத்துவிட்டோம்.

செந்தூல் வயர்மேன்:
அப்படியானால் சந்தேகம் ஹீட்டர்மீதுதான். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, ஹீட்டரையும் அதற்குச் செல்லும் வயரையும் தனித்தனியே பிரித்து, மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பழைய வீடு என்பதால் எர்த் வயர் முழுமையாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஹீட்டரையே மாற்றும்படி ஆனால், 3.6 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 ஆம்பியர் என்பதால், சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது; மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனி வயரும் தனி சுவிட்சும் வர வேண்டும்.