பழைய காட்டெருமைக் கோட்டுடன் பனிச்சறுக்கு வண்டி ஓட்டலாமா?

தறிக்காரன்: அமெரிக்காவின் வடகிழக்கில் நடக்கிற குதிரைப் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிகளில் பழைய வண்டி, பழைய உடை என்று தனிப் பிரிவே உண்டு. அதற்காகச் சிலர் நூறு வருஷத்துக்கு மேலான அமெரிக்கக் காட்டெருமை (பைசன்) தோல் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். இது அநியாயம். அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய பொருள்.

ஆனைமலையான்: ஏன் சார்? அது ஓட்டுவதற்கென்றே தைத்த கோட். நடப்பவனுக்கு உடம்பு தானாகச் சூடாகும், வண்டிக்காரன் அசையாமல் உட்கார்ந்து எதிர்காற்றை வாங்குகிறான், கையில் கடிவாள வார் இருப்பதால் போர்வைக்குள் கையை நுழைக்கவும் முடியாது. அதனால்தான் முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், தூக்கிவிட்டால் காதை மூடும் காலர். மடியில் ரோமப் போர்வை, காலடியில் சூடாக்கிய மாக்கல். கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீசார் குளிர்காலத்தில் போட்டதும் காட்டெருமைக் கோட்தான். அலமாரியில் தொங்கினால் இதெல்லாம் யாருக்குப் புரியும்?

தறிக்காரன்: ரோமம் பளபளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே தோல் உலர்ந்து போயிருக்கும். வாரைப் பிடிக்க இரண்டு கையும் முன்னால் நீளும்போது முழு இழுப்பும் முதுகுத் தையலிலும் அக்குளிலும்தான் விழும், தையல் துளைகளை ஒட்டியே தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். அப்புறம் நனைந்த கோட்டை ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிடுவார்கள், மிச்சமிருப்பதும் போச்சு.

மலர்விழி_கே: தையலை விடுங்கள். 1889-ல் அமெரிக்க விலங்கியலாளர் ஹார்னடே எடுத்த கணக்கில் வட அமெரிக்கா முழுக்க மிஞ்சியது 1,091 காட்டெருமைதான். அந்தத் தோலைப் போட்டுக்கொண்டு பரிசு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனைமலையான்: மலர்விழி, 1871-க்குப் பிறகு வேட்டை வெறிபிடித்ததற்குப் பெரிய காரணம் தோல் ஆலைகள். காட்டெருமைத் தோலை ஆலை இயந்திரங்களுக்கான பெல்ட்டாக்கும் அளவுக்குப் பதனிடக் கற்றுக்கொண்டார்கள். கோட்டின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

மலர்விழி_கே: பெல்ட்டுக்கு அதிகம் செத்தது என்பதால் கோட்டுக்குச் செத்தது கணக்கில் வராதா?

தறிக்காரன்: ஒன்று சொல்லட்டுமா, காட்டெருமை தீர்ந்த பிறகு மாட்டுத் தோலிலும் குதிரைத் தோலிலும் இதே மாதிரி கோட்டுகள் தைத்தார்கள். ஓட்டியே தீருவேன் என்பவர் அதில் ஒன்றைத் தேடிப் போடட்டும்.

ஆனைமலையான்: அதுவும் பழசுதானே சார், அது கிழிந்தால் பரவாயில்லையா? அக்குள் தோலை மெல்ல மடித்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் போடலாம், மொறுமொறுத்தால் வேண்டாம். எந்தத் தோலுக்கும் இதுதான் என் அளவுகோல்.