ஒத்தை காக்டெய்லுக்கு ஜோடி சேர்க்கலாமா?

கூண்டுவாசி:
என்கிட்ட இருக்கிறது ரெண்டு வயசு சாம்பல் நிற ஆண் காக்டெய்ல் (cockatiel, கொண்டை வெச்ச சின்னக் கிளி வகை). கையில் பழகினது. பகலில் எட்டு மணி நேரம் வீட்டில் ஆள் இருக்காது. நாங்க பக்கத்துல இருந்து நகர்ந்தாலே கத்தல், இப்போ நெஞ்சு இறகையும் கடிச்சுப் பிய்க்குது. தீனி கலப்பு விதை மட்டும்தான். கூண்டு 18×18×24 அங்குலம். "பொட்டை ஒண்ணு போடுங்க, சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். வீட்டில் ஒரு ஆப்பிரிக்கன் லவ் பேர்டும் இருக்கு, அதையே இதோட விடலாமா?

தினைக்கதிர்:
லவ் பேர்ட் வேண்டவே வேண்டாம். உருவம் சின்னதுதான், ஆனா காக்டெய்லோட கால்விரலைக் கடிச்சுத் துண்டாக்கிடும். காக்டெய்ல் திருப்பித் தாக்காம ஒதுங்குற ஜாதி.

ஜோடி பத்தி அப்புறம் யோசிங்க, முதல்ல இறகு ஏன் போகுதுன்னு பாருங்க. காக்டெய்லுக்கு ஜியார்டியா குடல் ஒட்டுண்ணியாலயும் இப்படி அரிப்பு வரும். எச்சம் சூடு ஆறுறதுக்குள்ள பரிசோதனைக்குப் போகணும், காஞ்சு போனா கிருமி தெரியாது. ஒரு தடவை 'இல்லை'ன்னு வந்தாலும் நம்பிடாதீங்க. வெறும் விதையில வைட்டமின் ஏ கிடைக்காது. முருங்கைக்கீரை, துருவின கேரட், ஊறவெச்சு முளைகட்டின பயறு கொடுங்க. சூரியகாந்தி விதையைக் குறைங்க. ராத்திரி 10-12 மணி நேரம் இருட்டு வேணும். டிவி ஓடுற ஹாலில் கூண்டு இருந்தா அதுவே பாதி வியாதி.

இதெல்லாம் சரி பண்ணியும் தனிமைதான் காரணம்னு தெரிஞ்சா, அப்போ வாங்குங்க. நமக்கு நேரமில்லைன்னு ரெண்டாவது பறவை வாங்குறவங்களுக்கு வேலை ரெட்டிப்பாகும், அவ்வளவுதான்.

மஞ்சள்கொண்டை:
வாங்குறதா இருந்தா இன்னொரு ஆணே மேல். பொட்டை வந்தா முட்டை வரும், முட்டையிடுற பெட்டி வைக்காட்டியும் கூண்டுத் தரையிலேயே இடும். முட்டையை எடுத்துட்டா மறுபடி இட்டுக்கிட்டே போகும், சுண்ணாம்புச் சத்து வத்திடும். வேக வெச்சு ஆறவிட்டு அதே இடத்தில் வெச்சுடுங்க, அடைகாத்துச் சலிச்சுத் தானே விட்டுடும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற கடல் நுரை (கணவாய் ஓடு) எப்பவும் கூண்டில் இருக்கட்டும். உப்பிப்போய்த் தரையில் உட்கார்ந்து வாலை ஆட்டி முக்கினா முட்டை சிக்கியிருக்கு. அன்னிக்கே டாக்டர், மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

குஞ்சுல ஆண் பெண் தெரியாது. முதல் இறகு உதிர்வுக்கு அப்புறம்தான் சாம்பல் ஆணுக்கு முகம் பளிச்சுன்னு மஞ்சளாகும், பெண்ணுக்கு வால் அடியில் கோடு நிக்கும். அதுக்கு முன்னாடி வாங்கினா டிஎன்ஏ டெஸ்ட்தான். உதிர்ந்த இறகு வேண்டாம், புதுசா எடுத்ததே உதவும்.

கூண்டுவாசி:
ஆண் குஞ்சு வாங்கினா உடனே ஒரே கூண்டில் விடலாமா? இப்போ இருக்கிறது கைக்கு வராமப் போயிடுமா?

தினைக்கதிர்:
உடனே கூடாது. வேற அறையில் 30-45 நாள் வைங்க. தினமும் பழையதைக் கவனிச்சு முடிச்சுட்டுப் புதுசுகிட்ட போங்க, கை கழுவிட்டு. கிளிக்காய்ச்சல் மனுஷனுக்கும் தொத்தும், அதனால எச்சத்தை ஈரமாக்கித் துடைங்க, காஞ்சதைப் பெருக்கித் தூசி கிளப்பாதீங்க.

அப்புறம் ரெண்டு கூண்டையும் ஒரு சாண் இடைவெளியில் ஒரு வாரம் வைங்க. ஒட்டி வெச்சா கம்பி வழியா விரலைக் கடிக்கும். அடுத்தது ரெண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில் வெளியே விட்டு கால் மணி நேரம். கொண்டையைத் தலையோட படியவெச்சு, வாயைப் பிளந்து சீறினா பிரிச்சுடுங்க. அலகால லேசா தட்டிக்கிறது சகஜம்.

கடைசியா 36×24×24 கூண்டு, கம்பி இடைவெளி அரை அங்குலம். உள்ளே கட்டைகளை இடம் மாத்திக் கட்டிட்டு ரெண்டையும் ஒரே நேரத்தில் விடுங்க. தீனிக் கிண்ணம், தண்ணிக் கிண்ணம் ரெண்டு ரெண்டு, ஒரே உயரத்தில். சமையல் தராசில் தினமும் காலையில் தீனிக்கு முன்னாடி எடை பாருங்க. 90 கிராம் பறவை 81க்கு இறங்கினா அதைச் சாப்பிட விடாம மத்தது துரத்துதுன்னு சந்தேகப்படுங்க.

மஞ்சள்கொண்டை:
கைப்பழக்கம் குறையும், ஆனா அறவே போகாது. தினமும் ஒவ்வொண்ணையும் தனியா வேற அறைக்குக் கொண்டுபோய் இருபது நிமிஷம் பழகணும். பழைய கூண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா காலம் பூரா ரெண்டு கூண்டுதான்.