கரை மறைந்த பிறகு கேட்கும் குரல்

கடற்படையின் செயற்கைக்கோள் ருக்மிணி வருவதற்கு முன்னால் நடுக்கடலில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று தம்பி கேட்டிருந்தார். பதினைந்து வருஷம் கடற்படையில் சிக்னல் வேலை பார்த்தவன், சொல்கிறேன்.

பக்கத்துக் கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை நேராகப் போகும் வி.எச்.எஃப். ரேடியோ போதும். தொடுவானத்துக்கு அப்பால் போய்விட்டால் அதைவிட அதிர்வெண் குறைந்த எச்.எஃப். ரேடியோ. அந்த அலை வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் வரை ஏறித் திரும்பி வர வேண்டும். பகலில் நன்றாகக் கேட்ட அலைவரிசை பொழுது சாய்ந்ததும் செத்துவிடும். அலைவரிசையைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து தேடுவோம். ஒரு நாள் நள்ளிரவு வாட்ச். கூட வேலை பார்த்தவருடைய அப்பா பற்றி ஒரு செய்தி. இரைச்சலுக்கு நடுவில் அவர் பெயர் மட்டும் தெளிவாக விழுந்தது. "மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு" என்று கேட்டுக் கேட்டு, அப்பா இறந்துவிட்டார் என்பது முழுசாகக் கைக்கு வரும்போது மணி நாலு. அதுவரை கூட வேலை பார்த்தவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போனது நான்தான்.

2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஜிசாட்-7 போனது. அதுதான் ருக்மிணி. எடை இரண்டரை டன்னுக்கு மேல். அன்றைக்கு நம்மிடம் இருந்த ஜிஎஸ்எல்வி ராக்கெட்டால் தூக்க முடியாது. ஆனால் செயற்கைக்கோள் நம்முடையது, நம் கடற்படைக்கென்றே செய்தது. அதற்கு முன் இன்மார்சாட் போன்ற வெளியார் செயற்கைக்கோள் சேவையை நம்பியிருந்தோம்.

2014 தொடக்கத்தில் வங்கக் கடலில் பெரிய பயிற்சி. சுமார் 60 கப்பல்கள், 75 விமானங்கள் ருக்மிணி வழியாக ஒரே வலையில். என்னைத் திகைக்க வைத்தது அதன் அமைதி. இரைச்சலே இல்லை! பேசி முடித்தால் அரை நொடி ஒன்றும் கேட்காது. குரல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி, பதிலும் அதே வழியில் வர வேண்டுமே. புதுப் பையன்கள் லைன் போய்விட்டதென்று மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். "பொறுடா, வந்துகிட்டிருக்கு" என்று தோளைத் தொடுவேன்.

2025 நவம்பர் 2 அன்று ருக்மிணியின் வாரிசு, சுமார் 4,400 கிலோ, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே நம் எல்விஎம்-3 ராக்கெட்டில் ஏறியது. வீட்டில் டிவி முன்னால் எழுந்து நின்றே பார்த்தேன்.

*

அண்ணே, நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரன், ஆழ்கடல் மீன்பிடித் தொழில். நீங்க சொன்ன அந்த இரைச்சலாவது எங்களுக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று தோன்றியது. 2017 ஒக்கி புயலில் எங்க படகிலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் கரை மறைந்து கொஞ்ச தூரம் வரைதான் அது எட்டும். நாங்க இருந்த இடத்துக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை, காற்றுதான் வந்தது. பக்கத்துப் படகில் இருந்த என் மச்சான் திரும்பவில்லை.

இப்போது படகில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. சின்னப் பெட்டி. செல்போனோடு இணைத்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும், நாங்களும் அனுப்பலாம். போன சீசனில் கரையிலிருந்து மூன்று நாள் தூரத்தில் இருந்தபோது காற்று எச்சரிக்கை அதில்தான் வந்தது. அந்த ராத்திரியே வலையை ஏற்றிக்கொண்டு படகைத் திருப்பினோம்.