எண்டோகன்னாபினாய்டு சிஸ்டம்னு நிஜமாவே இருக்கா? அம்மா முட்டி வலிக்கு சிபிடி ஆயில் குடுத்திருக்காங்க

தூறல்78:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க. அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், படி ஏற முடியல, ராத்திரி வலில தூக்கமும் போச்சு. சொந்தக்காரங்க ஒருத்தங்க சிபிடி ஆயில்னு, கஞ்சா செடிலேருந்து எடுக்கற போதை தராத பொருளாம், சின்ன பாட்டில் ஒன்னு குடுத்தாங்க, 4500 ரூபா, காலைலயும் சாயங்காலமும் நாக்குக்கு அடில சொட்டு விடணுமாம். கூடவே ஒரு நோட்டீஸ். உடம்புல எண்டோகன்னாபினாய்டு சிஸ்டம்னு ஒன்னு இருக்கு, தூக்கம் பசி வலி மனசு எதிர்ப்பு சக்தி எல்லாத்தையும் அதுதான் பாத்துக்குது, வயசானா அது வத்திப்போகும், இந்த எண்ணெய் அதை நிரப்பும்னு போட்டிருக்கு. ஸ்கூல்ல நரம்பு மண்டலம் ஜீரண மண்டலம் எல்லாம் படிச்சோம், இந்த பேரை கேட்டதே இல்ல. நிஜமா இருக்கா, எண்ணெய் விக்க கட்டின கதையா? அம்மா 3 வாரமா போடறாங்க, கொஞ்சம் தேவலைங்கறாங்க, அதனால நிறுத்த சொல்லவும் மனசு வரல.

மருந்துசீட்டு:
சிஸ்டம் நிஜம்ங்க, அதுல சந்தேகமே வேணாம். ஸ்கூல் புக்ல இல்லாததுக்கு காரணம் அது ரொம்ப லேட்டா கண்டுபிடிச்சது. கஞ்சால போதை தர்ற டிஹெச்சிய 1964ல இஸ்ரேல்ல மெக்கூலமும் கயோனியும் பிரிச்சு எடுத்தாங்க, ஆனா அது மூளைல எங்க போய் ஒட்டுதுன்னு தெரிய 1988 வரைக்கும் ஆச்சு, அந்த ரிசெப்டருக்கு சிபி1னு பேர், 1993ல எதிர்ப்பு செல்கள்ல நிறைய இருக்கற சிபி2 கிடைச்சுது. செடியோட சரக்குக்குன்னு உடம்புல பூட்டு இருக்காதே, அப்போ உடம்பே ஏதோ சாவி செய்யணும்ல, அதை தேடி 1992ல பன்னி மூளைலேருந்து ஒரு கொழுப்பு மூலக்கூறு எடுத்தாங்க, பேர் ஆனந்தமைடு. ஆமா, நம்ம ஆனந்தம்தான், சமஸ்கிருத சொல்லுலேருந்து வேணும்னே வெச்ச பேர். 1995ல 2-ஏஜின்னு இன்னொன்னு.

வேலை செய்யற விதம்தான் அழகு. பந்தில சாம்பார் ஊத்திட்டே இருந்தா இலைக்கு மேல கைய நீட்டி போதும்னு தடுப்போம்ல, அதே. ஒரு நரம்பு செல் இன்னொன்னுக்கு சிக்னல் ஊத்திட்டே இருக்கும்போது, வாங்கற செல் தன்னோட மேல் சவ்வுல இருக்கற கொழுப்புலேருந்து அந்த நிமிஷமே 2-ஏஜி செஞ்சு பின்பக்கமா அனுப்பும், ஊத்தற செல்லுல இருக்கற சிபி1ல அது ஒட்டினதும் ஊத்தறது குறையும். வேலை முடிஞ்சதும் என்சைம் அதை உடைச்சிடும். தேவைப்படற இடத்துல, தேவைப்படற நேரத்துல, கொஞ்சூண்டு. டேங்க்ல நிரப்பி வெக்கற எண்ணெய் கிடையாது, அதனால வத்திப்போச்சு நிரப்பறோம்ங்கற பேச்சே இடிக்குது. அதுவும் சிபிடி இந்த சிபி1 சிபி2ல சரியா ஒட்டறதே இல்ல.

உங்க அம்மா விஷயத்துக்கு நேரா வரேன். ஆனந்தமைடை உடைக்கற என்சைமை தடுத்தா வலி குறையும்னு பைசர் ஒரு மாத்திரை செஞ்சு முட்டி தேய்மானம் இருக்கறவங்களுக்கே குடுத்து பாத்தாங்க, 2012ல ரிசல்ட் வந்துது. ஆனந்தமைடு ரத்தத்துல நல்லாவே ஏறிச்சு, வலி குறையல. அதே ட்ரயல்ல நேப்ராக்சன்ங்கற சாதாரண வலி மாத்திரை வேலை செஞ்சுது.

காலைஓட்டம்:
எண்ணெய் பத்தி தெரியாது, ஆனா ரொம்ப நேரம் ஓடினா ஒரு கட்டத்துல மனசு லேசாகி வலி தெரியாம போகும் பாருங்க, அது உடம்பே செய்யற வலி குறைக்கற பொருளான எண்டார்ஃபின்னுதான் 20 வருஷமா நெனச்சிருந்தேன், இப்போ இந்த ஆனந்தமைடு பக்கம்தான் கை காட்டறாங்க. எண்டார்ஃபின் வேலைய தடுக்கற மருந்து குடுத்து ஓட விட்டு பாத்தப்பவும் அந்த சந்தோஷம் போகலையாம். அம்மாவ ஓட சொல்லல, பிசியோகிட்ட கூட்டிட்டு போங்க, தொடை தசை பலமானா முட்டிக்கு பாரம் குறையும், எங்க மாமியாருக்கு அதுல நல்ல மாற்றம்.

வெள்ளைப்பூண்டு:
மொத்தமா ஏமாத்துன்னு யாரும் எழுதிடாதீங்க ப்ளீஸ். நாங்க லண்டன்ல இருக்கோம், என் பையனுக்கு ட்ரவெட்னு சின்ன வயசுலயே வர்ற கடுமையான வலிப்பு நோய், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வலிப்பு வரும்னு எண்ணி நோட்டுல எழுதி வெச்ச காலம் உண்டு. சுத்தம் செஞ்ச சிபிடி மருந்து, எபிடியோலெக்ஸ், அமெரிக்கால 2018லயே அப்ரூவ் ஆச்சு, இங்கயும் டாக்டர் எழுதிதான் தராங்க, ஆரம்பிச்சப்புறம் வலிப்பு பாதிக்கு மேல குறைஞ்சுது. ஆனா அது டிராப்பர்ல ரெண்டு சொட்டு இல்ல, உடம்பு எடைல ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 10லேருந்து 20 மில்லிகிராம். லிவர் டெஸ்ட் பாத்துட்டே இருக்கணும். அவன் சாப்பிட்டுட்டு இருந்த குளோபசாம்ங்கற வலிப்பு மருந்து ரத்தத்துல ஏறி நாள் முழுக்க தூங்கி வழிஞ்சான், அப்புறம் அந்த டோஸ குறைச்சாங்க. வேற மருந்தோட மோதும், அத மட்டும் மறக்காதீங்க.

மருந்துசீட்டு:
வெள்ளைப்பூண்டு சொன்னது ரொம்ப முக்கியம், நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும். தூறல், அம்மா வேற என்ன மாத்திரை எடுக்கறாங்க?

தூறல்78:
சுகர் மாத்திரை, பிபி மாத்திரை. 2017ல வால்வ் மாத்தினாங்க, அதுலேருந்து ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின்.

மருந்துசீட்டு:
எண்ணெய இன்னிக்கே நிறுத்திட்டு நாளைக்கு காலைல ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கற பிடி ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துட்டு இதய டாக்டர பாருங்க. வார்ஃபரின லிவர்ல உடைக்கற என்சைமை சிபிடி மந்தமாக்கும், அப்போ மருந்து உடம்புலயே தங்கி ரத்தம் ரொம்ப நீர்த்துப்போகும். பல் ஈறுல ரத்தம், கறுப்பா மலம், பெரிய தலைவலி, ஏதாவது இருந்தா காலை வரைக்கும் காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போங்க. வார்ஃபரின நீங்களா நிறுத்தாதீங்க, வால்வ்ல ரத்தக்கட்டி உண்டாகும். நேப்ராக்சன் பேர சொன்னேனே, அத மறந்துடுங்க, வார்ஃபரின் கூட அந்த வகை வலி மாத்திரை எதுவும் ஆகாது.

எதுக்கு இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, இந்த சிஸ்டம் உடம்பு முழுக்க இருக்கு, அதுல கை வெச்சவங்க சிலர் நல்லா பட்டிருக்காங்க. சிபி1ஐ அடைச்சா பசி குறையும்னு ரிமோனபன்ட் மாத்திரைய 2006ல ஐரோப்பால விட்டாங்க, எடை குறைஞ்சுது, கூடவே மன அழுத்தமும் தற்கொலை எண்ணமும் வந்து 2008ல எடுத்துட்டாங்க, அடுத்த வருஷம் இந்தியாவுலயும் தடை. 2016ல பிரான்ஸ்ல ரென் நகரத்துல ஆனந்தமைடை உடைக்கற என்சைமை தடுக்கற வேற ஒரு மருந்த ஆரோக்கியமானவங்களுக்கு குடுத்து பாத்ததுல ஒருத்தர் இறந்தே போனார்.

தூறல்78:
அப்டேட். ஐஎன்ஆர் 4.6. அம்மாவுக்கு 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும், போன மாசம் 2.9. கைல நீலமா ரெண்டு இடம் கன்னிப்போயிருந்துது, பாத்திரம் இடிச்சிருக்கும்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. எண்ணெய்தான்னு அடிச்சு சொல்ல முடியாது, சாப்பாடு மாறினாலும் ஏறும்னு டாக்டர் சொன்னார், ஆனா பாட்டில பாத்ததும் நிறுத்த சொல்லிட்டார். ஒரு வேளை வார்ஃபரின் விட்டுட்டு 3 நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட். வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் அவர் எழுதின அளவுக்கு மேல வேணாம்னார்.

மருந்துசீட்டு:
அப்பாடா. பாராசிட்டமால அளவா வெச்சுக்கங்க, தினமும் நிறைய போட்டா அதுவும் ஐஎன்ஆர ஏத்தும். இன்னொன்னு, உங்க முதல் கேள்விக்கு இதுவும் பதில்தான்: பாராசிட்டமால் மூளைக்குள்ள போய் ஏஎம்404ங்கற பொருளா மாறி, இதே ஆனந்தமைடு சமாச்சாரத்த தொட்டுதான் வலிய கொஞ்சம் தணிக்குதுன்னு ஆராய்ச்சி இருக்கு.

தூறல்78:
2ஆவது டெஸ்ட் 3.1. திங்கக்கிழமைலேருந்து பிசியோ. எண்ணெய் குடுத்தவங்களுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், அவங்க மாமனாரும் வார்ஃபரின்லதான் இருக்காராம், அவரும் அதே பாட்டில்தான் போடறாராம், நாளைக்கே ஐஎன்ஆர் எடுக்க போறாங்க.